கோமாரித் தடுப்பூசி ஊர்ப் பொதுக்காரியமே

(கண்டனூர் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

கண்மாய்க் கரையில் உடைப்பு ஏற்பட்டால், அது எவருடைய செய்க்கு நேரே உடைந்தது என்று நம் ஊர்களில் யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. கூப்பிட்ட குரலுக்கு மண்வெட்டியும் கூடையுமாகப் பலரும் ஓடுகின்றனர். கண்மாய் நீர் ஒருவர் சொத்தன்று. அது வடிந்துவிட்டால் மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நஷ்டம் ஒன்றே என்பதை எழுத்தறியாதவரும் அறிவர். குடிமராமத்து என்னும் பழைய ஏற்பாடு இந்த அறிவின்மேல் நின்றதேயாகும். ஆனால் கால்நடைகளைத் தாக்கும் தொத்துநோய் விஷயத்தில் இந்தப் பொதுப்புத்தி நம்மிடம் காணப்படவில்லை. என் மாடு, என் தொழுவம், என் இஷ்டம் என்றே ஒவ்வொருவரும் எண்ணுகிறோம். கோமாரித் தடுப்பூசியைத் தனிமனிதர் விருப்பத்திற்கு விட்டுவிடாமல், கண்மாய் மராமத்தைப் போல ஊர்ப் பொதுக்காரியமாகக் கொள்ளவேண்டும் என்பதும், அரசாங்க இலாகாவும் அதற்கேற்பத் தன் முறையைச் சிறிது மாற்றிக்கொள்ளவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பயிர்த்தொழிலைச் செய்துகாட்டுவதற்கென நியமிக்கப்பட்டவனுக்கு மாட்டு வைத்தியத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். விடை எளிது. கண்டனூர், புதுவயல், காரைக்குடி சுற்றுப்புறத்து நிலம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்தது; மக்குச் சத்துக் குறைந்தது. தொழுவெருவும் கிடையெருவும் இல்லாமல் இம்மண்ணில் நெல் நிற்காது. மேலும் நம்முடையது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய ஒருபோக வெள்ளாமை. மழை பொய்த்த வருஷத்தில் குடியானவன் வீட்டில் உலை கொதிப்பது பசுவின் பாலாலும் ஆட்டுக்குட்டியின் விலையாலுமே. ஏர்மாடுகளின் இடத்தை இயந்திரக் கலப்பை பிடித்துக்கொண்டது உண்மையே. அதனால் மாட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆகையால் கால்நடைக்கு வரும் கேடு பயிருக்கு வரும் கேடேயாகும்.

நோயும் நஷ்டமும்

கோமாரி என்றும், காணை என்றும், கால்வாய் நோய் என்றும் வழங்கப்படும் வியாதியை நம்மில் அறியாதவர் இல்லை. முதலில் காய்ச்சல் காணும். பின் நாக்கிலும் ஈற்றிலும் குளம்புகளின் இடுக்கிலும் மடிக்காம்பிலும் கொப்புளங்கள் எழும்பி உடையும். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகும். மாடு தீனி எடுக்காது, நொண்டும், பால் வற்றும். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன என்பதே இந்நோயை நாம் அலட்சியம் செய்வதற்குக் காரணம். ஆனால் இளங்கன்றுகளின் இருதயத்தை அது தாக்குவதால், நோய் வெளிப்படையாகத் தெரியுமுன்பே கன்று செத்து விழுவதுண்டு. பிழைத்த பசுவும் பழைய பசுவாக இராது. சில மாடுகள் வெயிலில் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். சில சினைப்படாமற் போகும். மடிநோய் கண்டு காம்பு அடைபட்டுப்போவதும் உண்டு. கடன் வாங்கிக் கலப்பினப் பசு வாங்கியவனுக்கு, மாடு செத்தால் ஒருநாள் துக்கம். பால் வற்றிய மாடு தொழுவத்தில் நின்றால் தவணை தோறும் துக்கம்.

2013-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்நோய் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கடுமையாகப் பரவியதை நமது குடியானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தச் சமயத்தில் சாதாரணமாகப் பிழைக்கக்கூடிய பெரிய மாடுகளும் பல இடங்களில் மடிந்தன. கோமாரி கொல்லாது என்னும் வார்த்தை எப்பொழுதும் செல்லுபடியாகாது என்பதற்கு அதுவே சாட்சி.

கைவைத்தியத்தை நான் இகழவில்லை. வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் இவற்றை அரைத்து நாவில் தடவுவதும், கால்புண்ணுக்கு வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள், பூண்டு இவற்றை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதும் மாட்டுக்கு ஆறுதல் தருவனவே. கால்நடைப் பல்கலைக்கழகத்தாரும் இவற்றை எடுத்துச் சொல்லுகின்றனர். ஆனால் இவை புண்ணை ஆற்றுமேயன்றி, பக்கத்துத் தொழுவத்திற்கு நோய் தாவுவதைத் தடுக்கமாட்டா. எச்சில், பால், சாணம், வைக்கோல், தண்ணீர்த் தொட்டி, பால்காரர் செருப்பு, மாடு ஏற்றிவந்த வண்டி ஆகிய அனைத்தும் அதற்கு வாகனம். காற்றிலும் அது செல்லும். ஆகவே வந்தபின் செய்யும் சிகிச்சையைக் காட்டிலும் வருமுன் செய்யும் காப்பே இதற்குத் தக்கது.

செத்த கிருமி காக்கும் விதம்

கோமாரியை உண்டாக்குவது வைரஸ் என்னும் அதிநுண்ணிய கிருமி. 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து லோஃப்லர், ஃப்ரோஷ் என்னும் இரு சாஸ்திரிகள், நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை, பாக்டீரியா எதுவும் புகமுடியாத வடிகட்டியில் வடித்தெடுத்து, அந்தத் தெளிநீரும் நோயை உண்டாக்குவதைக் கண்டனர். விலங்குகளின் நோய்க்கு வைரஸ் காரணமாவதை உலகம் அறிந்தது அதுவே முதல் முறை.

இக்கிருமிக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்று சுருக்கமாகக் கொள்ளலாம். உள்ளே வித்து, வெளியே ஓடு. மாட்டின் உடலுக்குள் புகுந்து ஒன்று பலவாகப் பெருகும் சக்தி வித்தில் இருக்கிறது. உடலின் காவற்படை எதிரியென்று அடையாளம் கண்டுகொள்வதோ ஓட்டின் உருவத்தை. ஆகையால் ஓட்டைச் சிதைக்காமல் வித்தை மாத்திரம் கெடுத்துவிட்டால், நோய் உண்டாகாது. ஆனால் உடல் அந்த எதிரியின் முகத்தைத் தெரிந்துகொள்ளும். கோமாரித் தடுப்பூசியின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

புதுவயல் அரிசி ஆலைகளில் நெல் புழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். புழுக்கிய நெல்லை நாற்றங்காலில் எவ்வளவு விதைத்தாலும் முளைக்காது. எனினும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும் நெல்லென்றே சொல்லுவர். தடுப்பூசிக் கிருமி புழுக்கிய நெல்லைப் போன்றது. ஆனால் அதிகம் புழுக்கினால் உமி வெடித்து உருவம் கெடும். குறைவாகப் புழுக்கினால் இரண்டொரு மணி முளைத்துவிடும். இந்தப் பக்குவத்தைக் கண்டுபிடிக்கவே சாஸ்திரிகளுக்குப் பல பத்தாண்டுகள் சென்றன.

1938-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் ரீம்ஸ் தீவில் வால்ட்மன் என்பவர், நோயுற்ற மாடுகளின் நாக்குத் தோலிலிருந்து கிருமியை எடுத்து, அலுமினியக் களியோடு சேர்த்து, ஃபார்மலினாலும் மிதமான சூட்டாலும் மடியச் செய்து ஊசிமருந்து தயாரித்தார். பிறகு 1947-இல் ஹாலந்து தேசத்து ஃப்ரெங்கல், இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாடுகளின் நாக்குத் தோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு வைத்து, அதிலேயே கிருமியை வளர்க்கும் வழியைக் காட்டினார். இதனால் ஊசிமருந்துக்காக மாட்டுக்கு நோய் வருவிக்கவேண்டிய அவசியம் ஒழிந்தது. 1960-களிலிருந்து ஒருவகை எலியினத்தின் சிறுநீரக உயிரணுக்களைப் பெரிய கலங்களில் பெருக்கி, அவற்றில் கிருமியை வளர்க்கின்றனர்.

ஃபார்மலினால் செய்த புழுக்கல் சில சமயங்களில் முழுமை பெறவில்லை. 1980-களில் ஐரோப்பாவில் தோன்றிய சில கோமாரிக் கிருமிகளைப் பரிசோதித்தபோது, அவை ஊசிமருந்துக்குப் பயன்பட்ட கிருமிகளையே ஒத்திருந்தன. மனிதருக்கான போலியோ ஊசியிலும் 1955-இல் அமெரிக்காவில் இத்தகைய விபத்து நேர்ந்தது. கிருமி முற்றும் மடியாத சில தொகுதிகளால் சுமார் 200 பேருக்கு வாதம் கண்டது, 10 பேர் இறந்தனர். இந்தப் பாடங்களின் பயனாகவே, கிருமியின் வித்தை நேராகத் தாக்கும் எத்திலினிமின் வகை இரசாயனம் 1970-களிலிருந்து கையாளப்பட்டு, இன்று வழக்கமாக நிலைபெற்றிருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் உயிர்க்கிருமி ஏதும் மிச்சமில்லை என்று சோதித்த பின்னரே மருந்து வெளிவரவேண்டும். ஊசியால் நோய் வரும் என்னும் அச்சம் நம் குடியானவர்களின் அறியாமை மட்டுமன்று; ஒரு காலத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காரணம் நீங்கிவிட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதே நம் கடமை. அவர்களைப் பரிகசிப்பது அன்று.

மனிதர் வரையில் இம்முறை நமக்குப் பழக்கமானதே. 1911-இல் டேவிட் செம்பிள் கசௌலியில் செய்த வெறிநாய்க்கடி மருந்து, ஆட்டு மூளையில் வளர்த்து ஃபீனாலால் மடியச் செய்த கிருமியே. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தை முதியோர் அறிவர். 2021-இல் நம்மில் பலர் தோளில் போட்டுக்கொண்ட கோவாக்சினும் மடியச் செய்த கிருமியால் ஆனதே. தமக்குப் போட்டுக்கொண்டதைத் தம் மாட்டுக்கு மறுப்பதற்கு நியாயம் இல்லை.

வெக்கை நோய் போன கதை

தடுப்பூசியால் ஒரு மாட்டு நோய் பூண்டோடு ஒழியுமா என்று ஐயுறுவோருக்கு வெக்கை நோயின் வரலாறே விடை. அந்நோய் புகுந்த ஊரில் தொழுவங்கள் காலியாயின. உழவுக்கு மாடின்றி நிலங்கள் தரிசாகக் கிடந்தன. அதற்கும் ஆரம்பத்தில் செத்த கிருமியையே பயன்படுத்திப் பார்த்தனர். இறந்த மாட்டின் மண்ணீரல் முதலிய உறுப்புகளை அரைத்து மருந்திட்டுத் தயாரித்த அவ்வூசி பயன் தந்தாலும், சில மாடுகளைக் காக்க ஒரு மாட்டைப் பலியிட வேண்டியிருந்ததால் ஊர்தோறும் கொண்டுசெல்லத் தக்கதாயில்லை. முக்தேஸ்வரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1927-ஐ ஒட்டி, கிருமியை வெள்ளாட்டிலிருந்து வெள்ளாட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்தி, அதன் உக்கிரத்தைத் தணித்து, உயிருள்ள ஊசிமருந்து ஒன்றைக் கண்டார். சென்னை மாகாணத்தில் 1932-இல் இராணிப்பேட்டையில் நிறுவப்பட்ட மருந்துச்சாலை இந்நோயை எதிர்ப்பதற்கென்றே ஏற்பட்டது.

1954-இல் தேசம் முழுவதற்கும் வெக்கை ஒழிப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. நம் நாட்டில் கடைசியாக அந்நோய் காணப்பட்டது 1995-இல்; அதுவும் நம் தமிழ்நாட்டின் வட ஆற்காட்டுப் பகுதியிலேயே. 2006-இல் இந்தியா அந்நோயற்ற தேசமென்று அங்கீகாரம் பெற்றது. 2011-இல் உலகம் முழுவதிலும் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் அடியோடு ஒழிந்த நோய் அது ஒன்றே.

ஆனால் வெக்கையை ஒழித்ததுபோலவே கோமாரியையும் ஒழித்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுவதும் சரியன்று. வெக்கையின் உயிருள்ள ஊசி ஒருமுறை போட்டால் நெடுங்காலம் காத்தது. அந்தக் கிருமி ஓரினமே. கோமாரியிலோ உலகில் ஏழு இனங்கள் உண்டு. நம் நாட்டில் இக்காலத்தில் திரிவன ஓ, ஏ, ஆசியா-1 என்னும் மூன்று. ஓரினத்திற்குப் பெற்ற காப்பு மற்றோர் இனத்திற்கு உதவாது. ஆகையால் மூன்றையும் ஒரே மருந்தில் சேர்த்திருக்கின்றனர். மேலும் செத்த கிருமி உடலில் பெருகாதாகையால், அது கற்பித்த பாடத்தை உடல் விரைவில் மறக்கும். கன்றுக்கு நான்காம் மாதத்தை ஒட்டி முதல் ஊசி, ஒரு மாதத்திற்குப்பின் மறு ஊசி, அதன்பின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை என்பது அதனால் ஏற்பட்ட கணக்கு. அபாயமின்மையே செத்த கிருமியின் குணம். ஓயாத சிரத்தையைக் கேட்பது அதன் குறை. சிரத்தை என்பது மருந்துப்புட்டியில் கிடைப்பதன்று. அதை ஊர்தான் கொடுக்கவேண்டும்.

ஆட்சேபங்கள்

ஊசி போட்டால் பால் குறைகிறது என்பர். இரண்டொரு நாள் சிறிது குறையக்கூடும். இலேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் காணக்கூடும். நோய் வந்தால் குறைவது அந்த ஈற்று முழுவதற்குமான பால். இரண்டில் எது பெரிய நஷ்டமென்று கணக்கிடக் கணக்கப்பிள்ளை வேண்டியதில்லை.

சினை கலைந்துவிடும் என்பர். மருந்தைவிட, நிறைசினைப் பசுவைக் கயிறு போட்டு இழுத்து, நாலுபேர் சேர்ந்து தள்ளி, வெயிலில் நிறுத்துவதே அதிக அபாயம். அத்தகைய பசுவைப் பற்றி முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொற்படி நடக்கவேண்டும். கன்று ஈன்றபின் மறவாமல் ஊசியைப் போட்டுக்கொள்ளவேண்டும். ஒருமுறை விட்டதே வழக்கமாகிவிடக் கூடாது.

ஊசி போட்டும் போன வருஷம் நோய் வந்ததே என்பர். இது கவனத்திற்குரிய ஆட்சேபம். இதற்குக் காரணங்கள் பல. கன்றுக்கு முதல் ஊசி மட்டும் போட்டு மறு ஊசி போடாதிருந்திருக்கலாம். ஊரில் நோய் புகுந்தபின் பதறிப் போட்டிருக்கலாம். ஊசியின் காப்பு உண்டாக ஒன்றிரண்டு வாரம் செல்லுமாகையால், உள்ளே ஏற்கெனவே புகுந்த கிருமியை அது தடுக்காது. திரியும் கிருமி மருந்திலுள்ள கிருமியிலிருந்து மாறியிருக்கலாம். மருந்து வெப்பத்தில் கெட்டிருக்கலாம். செத்த கிருமியின் ஓடு மிக மெல்லியது. 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரில் வைக்காவிட்டால் சிதைந்துவிடும். உறைந்தாலும் மருந்து கெடும். சிதைந்த ஓட்டை உடல் எதிரியென்று அறியாது. இத்தகைய மருந்தைப் போடுவதும் வெறும் நீரைப் போடுவதும் ஒன்றே.

எனக்கு வருவதில்லை, நான் ஏன் போடவேண்டும் என்பாரும் உளர். ஊரில் பெரும்பாலான கால்நடைகளுக்குக் காப்பு இருந்தால், நோய் ஒரு தொழுவத்திலிருந்து மறு தொழுவத்திற்குத் தாவ வழியின்றி அணைந்துவிடும். ஊசி போடாதவரின் மாடு நெடுநாள் தப்பியிருப்பது அண்டை வீட்டார் போட்ட ஊசியின் தயவே. எல்லோரும் அவ்வாறு எண்ணத் தொடங்கிய வருஷத்தில் கரை உடையும்.

செய்யவேண்டுவன

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி மதுரா நகரில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்படி, கோமாரி ஊசி மத்திய சர்க்காரின் செலவில் போடப்படுகிறது. மாட்டுக்குப் பன்னிரண்டு இலக்கமிட்ட காதுவில்லையும் இடப்படுகிறது. 2030-க்குள் நோயை ஒழிப்பது அத்திட்டத்தின் நோக்கம். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறிப்பிட்ட பிரதேசங்களில் ஊசியைக் கட்டாயமாக்கவும் அதிகாரம் அளிக்கிறது. பணமும் மருந்தும் சட்டமும் இருக்க, குறைவது யாது? என் அபிப்பிராயத்தில் குறைவன நான்கு.

முதலாவது, காலம். முகாம் நாள் பெரும்பாலும் மருந்து வந்துசேரும் நாளைப் பொறுத்து அமைகிறது. நம் பகுதியின் பஞ்சாங்கத்தைப் பொறுத்து அமைவதே முறை. தை மாதத்தில் சிராவயல், கண்டிப்பட்டி முதலிய ஊர்களில் மஞ்சுவிரட்டு நடக்கிறது. பல ஊர்க் காளைகள் ஒரு பொட்டலில் கூடுகின்றன. கூடிய காளைகள் திரும்ப அவரவர் ஊருக்குச் செல்கின்றன. இதைவிட விரைவாக நோய் பரப்பும் தபால் வேறில்லை. புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறையும், பங்குனியில் அறுப்புக் களம் ஓய்ந்தபின் ஒருமுறையும் போட்டுவிட்டால், மழைக்காலமும் தை மாதமும் காப்புக்குள் அடங்கிவிடும். ஆறு மாதக் கணக்கும் பிசகாது. ஊர்க்காளைக்கும் கோயிற்காளைக்கும் முதல் ஊசி போட்டு முகாமைத் தொடங்கினால், மற்றவர் தயக்கம் தானே தீரும்.

இரண்டாவது, வேளை. இன்று நம் ஊரில் இரண்டு ஆடும் ஒரு பசுவும் வைத்துப் பிழைப்பவர் பெரும்பாலும் பெண்கள். விடிந்ததும் அவர்கள் கூலி வேலைக்கோ, நூறுநாள் வேலைக்கோ சென்றுவிடுகின்றனர். பத்து மணிக்குத் தொடங்கும் முகாமுக்கு அவர்கள் மாட்டைப் பிடித்துவர ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். அவர்களை அசிரத்தைக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. முகாமை விடியற்காலத்தில் வைப்பது சிறிது கடினம். கடினமானதையே செய்யவேண்டும். மாடு பிடிக்க இளைஞர் இருவரை ஊர் அமர்த்தவேண்டும்.

மூன்றாவது, கிடை. புலிக்குளம் மாடு நம் மாவட்டத்து ஊரின் பெயரையே பெற்ற இனம். அம்மாட்டு மந்தைகளும் செம்மறிக் கிடைகளும் அறுப்பு ஓய்ந்த வயல்களில் ஊர் ஊராக இறங்கி, நமக்கு விலைமதிப்பற்ற எருவைக் கொடுத்துச் செல்கின்றன. நிலையான வீடில்லாத காரணத்தால் அவை எந்த ஊர் முகாமிலும் சேராமற் போகக்கூடும். ஆடுகளில் கோமாரி இலேசான நொண்டலோடு கழிந்துவிடுவதால் கீதாரியும் அதை அறியாதிருக்கலாம். அதற்காகக் கிடைக்காரரை ஊருக்குள் விடாமல் துரத்துவது அநியாயம், மண்ணுக்கும் கேடு. நிலச்சொந்தக்காரர் கிடை பேசும்போதே ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு, போடவில்லையானால் கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்து, கிடை இருக்கும் வயலிலேயே ஊசிக்கு ஏற்பாடு செய்து தரவேண்டும். எருவை வாங்குபவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. சந்தையில் வாங்கிவந்த மாட்டையும் மூன்று வாரம் வேறிடத்தில் கட்டி, தனித் தொட்டியில் நீர் காட்டியபின்பே மந்தையில் சேர்க்கவேண்டும்.

நான்காவது, கணக்கு. இத்தனை ஆயிரம் ஊசி போடப்பட்டது என்று அறிக்கைகள் சொல்லுகின்றன. ஊசியின் எண்ணிக்கை வேறு. காப்பின் எண்ணிக்கை வேறு. குளிர் தப்பிய மருந்தால் ஆயிரம் ஊசி போட்டாலும் காப்பு ஒன்றும் இல்லை. முகாம் முடிந்து ஒரு மாதத்திற்குப்பின், ஊருக்குச் சில மாடுகளின் இரத்தத்தை எடுத்துக் காப்பு உண்டாயிற்றா என்று பார்க்கும் வழி இருக்கிறது. சுத்திகரித்த ஊசிமருந்தால் காப்புப் பெற்ற மாட்டையும், உண்மையாகவே நோய் கண்ட மாட்டையும் இரத்தப் பரீக்ஷையால் வேறு பிரித்தறியவும் முடியும். செத்த கிருமியின் பெரிய நன்மைகளுள் இதுவும் ஒன்று. அந்தப் பரிசோதனையின் முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதி ஒட்டவேண்டும். ஊரிலுள்ள கால்நடை இத்தனை, ஊசி பெற்றது இத்தனை, காப்புப் பெற்றது இத்தனை என்று மூன்று எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பலன் குறைவாக இருந்தாலும் மறைக்கவேண்டாம். உண்மையைச் சொன்ன இலாகாவைக் குடியானவன் அடுத்த முறை நம்புவான். முகாமில் குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்கும் உரிமையும் அவனுக்கு இருக்கவேண்டும். கேட்டதற்காக எந்த ஊழியரும் முகம் சுளிக்கலாகாது.

சட்டத்தைக் கொண்டு வீடுவீடாகக் கட்டாயம் செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. போலீசுக்குப் பயந்து போட்ட ஊசி ஒருமுறைக்கு வரும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்காக வராது. ஊசி போடாத மாட்டைப் பொது மந்தையிலும் கண்மாய் உள்வாயிலும் மேய விடுவதில்லை என்று ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு செய்துகொள்வது அதைவிட மேல். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஏழையின் ஆட்டை மாத்திரம் பிடித்துக் கட்டுவதாக முடிந்துவிடக் கூடாது. போடாதவர் ஏன் போடவில்லை என்று முதலில் கேட்டு, அவர் தொழுவத்திற்கே மருந்தைக் கொண்டுசென்ற பின்னும் மறுத்தால்தான் கட்டுப்பாடு பேசவேண்டும். மாடில்லாத வீட்டாரும் இதில் சேரவேண்டியவரே. அவர்கள் குழந்தைகள் குடிப்பது ஊர்ப் பசுவின் பாலையே.

வரும் புரட்டாசிக்கு முன்பாக ஒவ்வோர் ஊரிலும் கால்நடைகளின் ஜாபிதா ஒன்றைத் தயார் செய்வது நல்லது. பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்யலாம். தெருவாரியாக மாடு, கன்று, ஆடு, சினை மாடு என்று நான்கு பத்திகள் போதும். அதன் ஒரு பிரதியைக் கால்நடை மருந்தகத்திலும் ஒரு பிரதியை ஊராட்சியிலும் கொடுத்துவிட்டால், எத்தனை ஊசி வேண்டும், எந்தத் தெருவில் எவ்வேளையில் முகாம் வைக்கவேண்டும் என்பவை முன்னதாகவே தெரியும். வரத்துக்கால் வெட்டுவதற்கு ஊர் கூடும் அன்றே இந்த ஜாபிதாவையும் படித்து முடித்துவிடலாம். அதற்கு வேண்டிய படிவங்களை எங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். எழுதத் தெரியாதோர் நேரில் வந்து சொன்னால் நாங்களே எழுதித் தருகிறோம்.